முயலா, கினிப்பன்றியா? குடும்பத்துக்கு எது சரிவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், மெத்தென்ற ரோமத்தோடு சின்னதாக ஏதாவது இருந்தால் போதும் என்று நினைக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் கடைசியில் முயலுக்கும் கினிப்பன்றிக்கும் நடுவில்தான் வந்து நிற்கின்றன. இரண்டையும் வளர்த்திருக்கிறேன், இரண்டின் மேலும் எனக்குப் பிரியம் உண்டு. ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று நினைத்து வாங்குவதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. வாங்கும் முன் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

பிள்ளைக்கு 6, 7 வயது ஆகிவிட்டது, மடியில் வைத்துத் தடவிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் கினிப்பன்றி, அதுவும் இரண்டு. பிள்ளைகள் 10 வயதைத் தாண்டியவர்கள், ஓர் அறையையாவது அதற்காகத் திறந்துவிட முடியும், பெரியவர்களில் ஒருவருக்கே முயல் வளர்க்க ஆசை இருக்கிறது என்றால் முயல், அதுவும் இரண்டு. 5 வயதுக்குட்பட்ட குழந்தை மட்டும் இருக்கும் வீடு என்றால் இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது அந்த வயதில் குழந்தைக்கே தெரியாது.

முயல் எவ்வளவு சாதுவாக இருக்கிறது! குழந்தைக்கு அதுதானே பொருத்தம்?

இந்த எண்ணத்தால் கஷ்டப்படுவது முயல்தான். முயல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பயந்துபோன முயலும் அப்படியேதான் உறைந்து உட்காரும். காட்டில் அதன் கால் தரையை விட்டு எழும்புகிறது என்றால் ஏதோ ஒன்று அதைக் கவ்விக்கொண்டது என்றுதான் பொருள். நாம் எத்தனை அன்போடு தூக்கினாலும் அதன் உடம்புக்குத் தெரிவது அந்தப் பழைய பயம் மட்டும்தான். அதனால்தான் பெரும்பாலான முயல்களுக்குத் தூக்குவது பிடிக்காது.

பிடிக்காதபோது அது பின்னங்கால்களால் உதைக்கும். முயலின் எலும்புக்கூடு உடம்பு எடைக்கு மிக லேசானது, பின்னங்கால் தசைகளோ பலமானவை. பிடி சரியில்லாத கையில் துள்ளி உதைத்தால் அதன் இடுப்புப் பக்க முதுகெலும்பே முறிந்துவிடலாம். கீழே விழவே வேண்டாம், அந்த உதையே போதும். முறிந்தால் பின்னங்கால்கள் செயலிழந்து போகும். கூர்மையான நகம் குழந்தையின் கையில் கீறிவிடும், குழந்தை பதறிப்போய்க் கையை விடும், முயல் தரையில் விழும். மருத்துவர்கள் இதை அடிக்கடி பார்க்கிறார்கள்.

முயலோடு பழகும் இடம் தரை. குழந்தையைத் தரையில் உட்காரவைத்து ஒரு புத்தகத்தைக் கையில் கொடுங்கள், முயலைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல வந்து கால்விரலை முகரும், முகவாயால் ஒரு முட்டு முட்டும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே வரும். நெற்றியில், இரண்டு கண்களுக்கும் நடுவில் மெதுவாகத் தடவினால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தலையைத் தரையோடு தாழ்த்தும். நம்பிக்கை வந்தபின் பக்கவாட்டில் சொத்தென்று சாய்ந்து படுத்துவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் மயங்கி விழுந்துவிட்டதோ என்று பதறுவார்கள், ஆனால் அது முழு நிம்மதியின் அடையாளம். இதற்குக் காத்திருக்கும் பொறுமை உள்ள பிள்ளைக்கு முயலைப் போன்ற துணை கிடையாது.

ஒரு வேண்டுகோள். முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும், பார்க்க அழகாக இருக்கிறது என்று சிலர் செய்து காட்டுகிறார்கள். அது சொக்கிப்போய்க் கிடக்கவில்லை. தப்பிக்க வழியில்லாத பிராணி செத்ததுபோல் கிடக்கும் நிலை அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்படியானால் கினிப்பன்றியைத் தாராளமாகத் தூக்கலாமா?

தூக்கலாம், ஆனால் முறையோடு. அதுவும் இரையாகப் பிழைத்த பிராணிதான், மேலிருந்து கை வந்தால் ஓடி ஒளியும். வித்தியாசம் என்னவென்றால், ஒருமுறை கையில் வந்து பிடி உறுதியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலான கினிப்பன்றிகள் அடங்கி உட்கார்ந்துவிடும்.

ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, முன்னங்கால்களுக்குப் பின்னால். மற்ற கை பின்பாகத்தை முழுசாகத் தாங்க வேண்டும். உடனே நம் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வீட்டில் நான் வைக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: தூக்குவது பெரியவர், மடியில் வாங்கிக்கொள்வது தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. நின்றுகொண்டோ, நாற்காலியில் இருந்தோ பிள்ளைகள் தூக்கக் கூடாது. கினிப்பன்றிக்குக் குதித்துத் தப்பத் தெரியாது, சின்ன உயரத்தில் இருந்து விழுந்தாலும் பல்லோ காலோ உடையும்.

மடியில் ஒரு துண்டு விரித்து, கையில் ஒரு கொத்தமல்லித் தண்டைக் கொடுத்துவிட்டால் போதும். 10, 15 நிமிடம் போகட்டும். திடீரென்று நெளிய ஆரம்பித்துப் பின்னால் பின்னால் நகர்ந்தால் சிறுநீர் வருகிறது என்று பொருள், கூண்டில் விட்டுவிடுங்கள். குழந்தைகள் இந்தக் குறிப்பை நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

இது பேசுகிற பிராணி என்பதையும் சொல்ல வேண்டும். காய்கறிப் பையின் சலசலப்பு கேட்டதும் "வீக், வீக்" என்று வீடே கேட்கும்படி கூவும். தடவும்போது சுகமாக இருந்தால் தொண்டைக்குள் மெல்ல உறுமும். குஷி வந்தால் சட்டியில் சோளப்பொரி பொரிவதுபோல் நின்ற இடத்தில் துள்ளும். தன் குரலுக்கு ஒரு பிராணி பதில் கொடுக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கு எத்தனை பெரிய விஷயம்! நான் இளம் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கினிப்பன்றியைச் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

எத்தனை வருஷம் வாழும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் 8 முதல் 12 வருஷம், கினிப்பன்றி 5 முதல் 8 வருஷம். உங்கள் பிள்ளையின் இப்போதைய வயதோடு கூட்டிப் பாருங்கள். 8 வயதில் முயல் கேட்ட பிள்ளை, அந்த முயலுக்கு வயதாகும்போது கல்லூரிக்குப் போயிருக்கும். அப்போது புல் போடப்போவது யார்? அவர் இப்போதே சரி என்று சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று போதாதா?

போதாது. இரண்டுமே கூட்டமாக வாழும் பிராணிகள். 2008இல் சுவிட்சர்லாந்து தன் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்றே எழுதிவிட்டது. நாம் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பள்ளிக்கும் வேலைக்கும் போன பிறகு மிச்சமுள்ள நேரம் முழுக்க அது தனியாகத்தான் இருக்கும். நம்மோடு அது தன் மொழியில் பேசவும் முடியாது.

கினிப்பன்றியில் இரண்டு பெண் சேர்ந்திருப்பது சுலபம். இரண்டு ஆணும் சேர்ந்திருக்கும், ஆனால் இடம் தாராளமாக வேண்டும், அருகில் பெண் இருக்கக் கூடாது. முயலில் நிலைக்கும் ஜோடி, கருத்தடை செய்த ஓர் ஆணும் கருத்தடை செய்த ஒரு பெண்ணும்தான். கருத்தடை செய்யாத இரண்டு முயல்கள் குட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும், பருவம் வந்ததும் ஒன்றையொன்று கடித்துக் கிழித்துக்கொள்ளும். இரண்டு வளர்ந்த முயல்களை முதல் நாளே ஒரே கூண்டில் விடாதீர்கள். இரண்டுக்கும் பழக்கமில்லாத ஓர் இடத்தில், கண்காணிப்போடு, நாளுக்குக் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம்.

இரண்டும் பெண் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். குட்டிகளில் ஆணா, பெண்ணா என்று பிரித்துப் பார்ப்பது பழகிய கண்ணுக்கே தவறும். வாங்கிய வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண் கினிப்பன்றிக் குட்டி 3 வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். முயலின் கர்ப்ப காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான், குட்டி ஈன்ற உடனேயே மறுபடி சினைப்பிடிக்கவும் முடியும்.

கினிப்பன்றியில் ஆபத்து வேறு மாதிரி. கர்ப்ப காலம் 59 முதல் 72 நாள் வரை நீளும், குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பெரிதாகப் பிறக்கும். 6, 7 மாதத்துக்குள் முதல் குட்டி ஈனாத பெண்ணுக்கு இடுப்பு முன் எலும்பின் இணைப்பு இறுகி, பிரசவத்தில் விரிந்து கொடுக்காமல் போகலாம். அறுவைச் சிகிச்சை இல்லாமல் தாய் பிழைப்பது கஷ்டம். "பிள்ளைகள் குட்டி போடுவதைப் பார்க்கட்டுமே" என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

முயல் ஒன்று, கினிப்பன்றி ஒன்று வாங்கி ஜோடியாக விட்டால்?

வேண்டாம். பிள்ளைகளில் ஒன்று முயல் கேட்டு, இன்னொன்று கினிப்பன்றி கேட்கும் வீட்டில் இந்த யோசனை கட்டாயம் வரும். முயலின் ஓர் உதை கினிப்பன்றியின் விலா எலும்பை உடைக்கும். முயலின் மூக்கில் நோயே தெரியாமல் தங்கியிருக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். உணவும் வேறு. சண்டையே போடாமல் அருகருகே படுத்திருந்தாலும், இரண்டுக்கும் தன் இனத்துத் துணை இல்லை என்பது மாறாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

கடையில் "முயல் கூண்டு" என்று விற்பதில் பெரும்பாலானவை முயலுக்குப் போதாது. இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், நிமிர்ந்து உட்காரும்போது காது இடிக்காத உயரம் என்று விலங்கு நல அமைப்புகள் சொல்கின்றன. வீட்டுக்குள் என்றால் கம்பித் தடுப்புப் பலகைகளை வைத்து அறையின் ஒரு பகுதியையே பிரித்துக் கொடுத்துவிடலாம். கூண்டுக்குச் செலவழிப்பதைவிட இது மேல்.

இரண்டு கினிப்பன்றிக்கு குறைந்தது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். இதற்கு மேல் எவ்வளவு கொடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மாடி கட்டிய கூண்டு அதற்குப் பயனில்லை, அது ஏறும் பிராணி இல்லை, தரையில் ஓடும் பிராணி. ஆளுக்கு ஒரு மறைவிடம் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரு வாசல் மட்டும் இருந்தால் பலமானது வாசலில் உட்கார்ந்துகொண்டு மற்றதை வெளியே விடாது.

இரண்டுக்கும் பொதுவாக: கம்பித் தரை கூடாது, உள்ளங்கால் புண்ணாகிவிடும். ஓடும் சக்கரமும் பிளாஸ்டிக் உருண்டையும் கினிப்பன்றிக்கு வேண்டவே வேண்டாம், அதன் முதுகெலும்பு அப்படி வளையாது.

என்ன சாப்பாடு கொடுப்பது? கேரட் போதும்தானே?

கேரட்டை முதலில் மறந்துவிடலாம். சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு போதும். இரண்டின் சாப்பாட்டிலும் பெரும்பகுதி காய்ந்த புல்லாகத்தான் இருக்க வேண்டும். இரவும் பகலும் தீராமல் முன்னால் கிடக்க வேண்டும். ஒரு முயல் ஒரு நாளில் தன் உடம்பின் பருமனுக்கு ஒரு குவியல் புல்லைத் தின்னும்.

காரணம் பல்லும் குடலும். இரண்டுக்கும் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முயலின் முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பற்கள் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும், பிராணி பசியோடு சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருக்கும், வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடும். குடலும் நார்ச்சத்து ஓடிக்கொண்டே இருந்தால்தான் இயங்கும்.

நெல் வைக்கோல் இதற்கு மாற்றாகாது, அதில் சத்து குறைவு, படுக்கைக்குப் போடலாம். குதிரை மசால் என்ற தீவனப் பயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் சரி, வளர்ந்தவற்றுக்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரும். வளர்ந்த பிராணிக்குத் திமோத்தி போன்ற புல் வகைதான் சரி. இதோடு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி கீரை, தழை, கொஞ்சம் தீனிக் குச்சி. விதையும் வண்ண உருண்டையும் கலந்த தீனி வேண்டாம், பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட், உருளைக்கிழங்குச் செடியின் இலை எதுவும் கூடாது.

இங்கேதான் கினிப்பன்றி முயலிடமிருந்து பிரிகிறது. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, தினமும் சாப்பாட்டில் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஸ்கர்வி: மூட்டு வீங்கும், நடக்க வலிக்கும், ஈறில் ரத்தம் கசியும், ரோமம் முரடாகும். 1907இல் நார்வேயைச் சேர்ந்த ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் தானியம் மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டார்கள். மனிதரின் ஸ்கர்வியைப் புரிந்துகொள்ள அதுதான் வழிதிறந்தது.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. குடைமிளகாய் இதற்கு அருமையான வழி. சிவப்புக் குடைமிளகாய் 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு கினிப்பன்றிக்கு தினமும் ஒரு நல்ல துண்டு போதும். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தை நம்பாதீர்கள், வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறியதால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாலும் நிறுத்தும். கினிப்பன்றித் தீனி வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், மாதக்கணக்கில் கிடந்த மூட்டையில் வைட்டமின் சி மிச்சமிருக்காது. முயல் தீனியில் அது பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை.

தன் புழுக்கையைத் தானே தின்கிறது! நோயா?

இல்லை, இரண்டுமே அப்படித்தான். புழுக்கையில் இரண்டு வகை உண்டு. உருண்டையாக, காய்ந்து கிடப்பது கழிவு. இன்னொன்று மென்மையாக, பளபளப்பாக வரும், முயலில் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். குனிந்து நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். குடலில் நுண்ணுயிர்கள் தயாரித்த பி வைட்டமின்களும் புரதமும் அதில் இருக்கின்றன, இரண்டாம் முறை போனால்தான் உடம்பில் சேரும். தடுக்காதீர்கள். அந்த மென்மையான வகை தின்னப்படாமல் தரையிலோ வாலடியிலோ ஒட்டிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். தீனி அதிகமாகிவிட்டது, அல்லது குனிய முடியாத அளவுக்கு எடை போட்டுவிட்டது, அல்லது எங்கோ வலி.

முயலின் சிறுநீர் சிவப்பாக இருக்கிறதே?

பெரும்பாலும் தாவர நிறமிதான். செங்கல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் ஒரு நாள் பார்க்கலாம். சிறுநீர் தெளிவாக இருந்து அதில் ரத்தத் திட்டு தனியாகத் தெரிந்தாலோ, முக்கிக்கொண்டு போனாலோ உடனே மருத்துவர். கினிப்பன்றியின் சிறுநீரில் சிவப்பு தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், காட்டிவிடுங்கள்.

எது அதிகம் நாறும்?

சுத்தம் செய்யாவிட்டால் இரண்டும். முயல் ஒரே மூலையில் போகப் பழகும். அந்த மூலையில் ஒரு தட்டு வைத்து, அதன் ஓரத்தில் புல்லைப் போட்டால் தின்றுகொண்டே அங்கேயே போகும். கருத்தடைக்குப் பிறகு இன்னும் ஒழுங்காகிவிடும். கினிப்பன்றி நடந்த இடமெல்லாம் புழுக்கை போடும், தினமும் கூட்ட வேண்டும். தேவதாரு, பைன் மரச் சீவலைப் படுக்கைக்குப் போடாதீர்கள், அதன் வாசனை எண்ணெய் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

குளிப்பாட்ட வேண்டுமா?

முயலை ஒருபோதும் வேண்டாம், அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிடும். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். கினிப்பன்றிக்கும் வழக்கமாகத் தேவையில்லை. நீள ரோம வகைகளை முதல் பிராணியாக வாங்காதீர்கள், தினமும் சீவ வேண்டும்.

மருத்துவச் செலவு எதற்கு அதிகம்?

முயலுக்குத்தான். கருத்தடை கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் முயலுக்கு வயது ஏற ஏற கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம், அறுவைச் சிகிச்சை அதைத் தடுத்துவிடும். சில நாடுகளில் முயல்களுக்குத் தடுப்பூசியும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். கினிப்பன்றிக்குத் தடுப்பூசி கிடையாது.

அதைவிட முக்கியம், எந்த மருத்துவரிடம் போகிறீர்கள் என்பது. நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இவற்றின் மருத்துவம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. உதாரணமாக, அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் இரண்டின் குடலிலும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு சேர்ந்து, உயிரே போகலாம். நமக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் கால் பங்கு உடைத்துக் கொடுக்கிற வேலையே வேண்டாம். பிராணியை வாங்கும் முன்பே, முயலும் கினிப்பன்றியும் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டும் தூரத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் நான் இரண்டையுமே வாங்கச் சொல்ல மாட்டேன்.

எப்போது ஓட வேண்டும்? அரை நாள் எதுவும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை, அல்லது மிகச் சின்னதாகப் போடுகிறது என்றால் அன்றே. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது நாய்க்குச் சரியாக இருக்கலாம், இவற்றுக்கு இல்லை. குடல் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி ஓடவைப்பது கஷ்டம், இவற்றால் வாந்தி எடுக்கவும் முடியாது. மூச்சுத் திணறல், தலை ஒரு பக்கமாகச் சாய்வது, மூக்கில் சளி, வாலடியில் ஈ மொய்ப்பது, இவையும் அப்படித்தான். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு தோலைத் துளைத்துவிடும்.

வெயிலைத் தாங்குமா?

இரண்டும் தாங்காது. குளிரைவிட வெப்பம்தான் எதிரி. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும், 28ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். இவற்றால் நம்மைப் போல் வியர்க்க முடியாது. முயல் காது வழியாகக் கொஞ்சம் சூட்டை வெளியே விடும், கினிப்பன்றிக்கு அந்த வசதியும் இல்லை. ஈரத்துணி சுற்றிய பனிக்கட்டிப் புட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் தானாகவே வந்து சாய்ந்துகொள்ளும். மொட்டை மாடி, மூடிய பால்கனி, நிறுத்திய கார், இவற்றில் எதிலும் வைக்கக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு விட்டால் குளிர்ந்த, சில்லென்று இல்லாத, தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அலர்ஜி, தொற்று?

வாங்கும் முன், வளர்ப்பவர் ஒருவர் வீட்டில் பிள்ளையை ஓரிரு முறை விளையாடவிட்டுப் பாருங்கள். தும்மலுக்குக் காரணம் பல நேரம் பிராணி இல்லை, புல்லின் தூசி. அதனால் புல்லையும் தொட்டுப் பார்க்கட்டும். தொற்றில் அதிகம் பார்ப்பது கினிப்பன்றியிடமிருந்து வரும் படர்தாமரை. அதன் மூக்கு, கண்ணைச் சுற்றி ரோமம் உதிர்ந்து செதில் தெரிந்தால் பிள்ளை தொட வேண்டாம், மருந்து போட்டால் இரண்டு பேருக்கும் சரியாகிவிடும். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. வீட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

மின்கம்பியைக் கடிக்குமா?

முயல் கட்டாயம் கடிக்கும். அது கெட்ட பழக்கம் இல்லை, வளைக்குள் வேரை வெட்டி வழி செய்யும் இயல்பு. அவிழ்த்துவிடும் அறையில் எல்லாக் கம்பியும் உறைக்குள்ளோ உயரத்திலோ போக வேண்டும். சார்ஜர் ஒரே கடியில் இரண்டாகிவிடும். கினிப்பன்றியும் கடிக்கும், ஆனால் அது எட்டும் உயரம் குறைவு, குதிக்காது. அதற்குக் கம்பியை ஒதுக்கிவைப்பது சுலபம்.

எல்லா வேலையையும் தானே செய்வதாகப் பிள்ளை சத்தியம் செய்கிறதே?

மனப்பூர்வமாகத்தான் சொல்கிறது. ஆனாலும் பிராணி உங்களுடையது என்று நினைத்து வாங்குங்கள். பிள்ளைக்கு ஏற்ற வேலைகள் நிறைய உண்டு: காலையில் புல் போடுவது, தண்ணீர் மாற்றுவது, குடைமிளகாய் கொடுப்பது, எல்லாம் தின்றதா என்று பார்த்துச் சொல்வது. கடைசியில் சொன்னது சின்ன வேலை இல்லை, நோயை முதலில் கண்டுபிடிப்பது பல வீடுகளில் பிள்ளைதான். நகம் வெட்டுவது (மாதம் ஒருமுறை), மருந்து கொடுப்பது, கூண்டைக் கழுவுவது எல்லாம் பெரியவர் வேலை. பிள்ளை ஒரு நாள் மறந்தால் பிராணியைப் பட்டினி போட்டுப் பாடம் சொல்லித்தர முடியாது, நீங்கள்தான் எழுந்து போட வேண்டும்.

வெளியூர் போனால்?

ஒரு நாள்கூட ஆளில்லாமல் விடக் கூடாது. தினமும் காலையும் மாலையும் வந்து பார்க்கக்கூடிய ஒருவரை வாங்கும் முன்பே பேசி வையுங்கள். கூண்டை இடம் மாற்றுவதைவிட, ஆள் வந்து பார்ப்பதுதான் அவற்றுக்கு நல்லது.

சரி, முடிவு செய்துவிட்டோம். தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்ப்பது?

முதலில் விலங்குக் காப்பகங்களில் கேளுங்கள். ஏற்கெனவே சேர்ந்து பழகிய, கருத்தடை செய்த முயல் ஜோடி அங்கே கிடைத்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. வளர்ந்த பிராணியின் சுபாவமும் முன்பே தெரியும், அது குட்டியில் தெரியாது.

எங்கே வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள்: கண் பளிச்சென்று இருக்கிறதா, மூக்கு உலர்ந்திருக்கிறதா, முன்னங்காலின் உட்பக்க ரோமம் சுத்தமாக இருக்கிறதா (சளி இருந்தால் அங்கேதான் துடைத்துக்கொள்ளும், ரோமம் ஒட்டிக் கிடக்கும்), முன்பற்கள் நேராகச் சேர்கின்றனவா, வாலடி காய்ந்திருக்கிறதா. கூண்டில் ஒன்றுக்குச் சளி என்றால் அங்கே எதையும் வாங்காதீர்கள். 8 வாரத்துக்குக் குறைந்த முயல் குட்டியை வாங்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு, மூன்று நாள் தூக்காமல் விடுங்கள். அது இதுவரை தின்ற தீனியைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு புதியதற்கு மாற்றுங்கள். அப்புறம் சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, வாரம் ஒருமுறை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். வளர்ந்த கினிப்பன்றி ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால் எவ்வளவு தின்கிறது என்று உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும், 100 கிராம் இறங்கினால் நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.